பெட்டியின் மேல் ஓர் எண்

வீட்டில் வைஃபை அமைக்க விரும்பும் மேலநீலிதநல்லூர் வாசகர் ஒருவர் சங்கரன்கோவில் கடைத்தெருவுக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே ரூட்டர் பெட்டிகளின் மேல் 'ஏசி 1200', 'ஏஎக்ஸ் 3000' என்ற எண்கள் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எண் பெரியதானால் கருவியும் சிறந்தது என்றே எவரும் எண்ணுவர். இவ்வெண்ணை நம்பலாமா? சற்று ஆராய்வோம்.

ரூட்டர் இரு அதிர்வெண் பட்டைகளில் இயங்குகிறது. ஏசி 1200 வகையில், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் உச்ச வேகம் நொடிக்கு 300 மெகாபிட். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 867. இரண்டையும் கூட்டினால் 1,167. அதுவே 1,200 எனப் பெட்டியில் ஏறுகிறது. ஆனால் உங்கள் கைப்பேசி பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பட்டையையே பயன்படுத்தும். ஒருவரே இரு சாலைகளில் ஒரே சமயத்தில் நடக்க முடியுமா? அன்றியும், இவை ஏட்டளவிலான வேகங்கள். வீட்டில் கிட்டுவது இவற்றினும் மிகக் குறைவே. ஆகவே இவ்வெண் பொய்யன்று. ஆயினும் வாங்குபவரை மயக்குவது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும் இணைப்பு நொடிக்கு 50 மெகாபிட் என்றால், எந்த ரூட்டரும் இணையத்தை அதனினும் விரைவாகத் தர இயலாது. கிணற்றில் ஊறும் நீர்தானே வாய்க்காலில் ஓடும்?

அடுத்தது, 'வீடு முழுவதும் எட்டும்' என்னும் விளம்பரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டர் அளவே. பின்னது விரைவானது, ஆனால் சுவர்களைக் கடக்கையில் அதிகம் வலுவிழக்கும். ஆன்டெனாக்கள் பல இருப்பினும் கதிர்வீச்சுத் திறனுக்குச் சட்ட வரம்பு உண்டு. 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் தேவையில்லை என விதித்த அரசு, பரப்பியின் திறனை 1 வாட்டுக்கும், ஆன்டெனாவையும் சேர்த்த பயனுறு திறனை 4 வாட்டுக்கும் வரையறுத்தது. எனவே ரூட்டரை இரும்பு பீரோவின் அருகே ஒதுக்காமல், வீட்டின் நடுவில் உயரமாக வைப்பதே செலவில்லாத மருந்து.

பெட்டியில் காணாத செய்தியே முக்கியமானது. ரூட்டர் ஒரு சிறு கணினி. அதன் மென்பொருளில் குறைகள் வெளிப்படும்போது தயாரிப்பாளர் திருத்தங்கள் வழங்க வேண்டும். 2016-இல் 'மிராய்' என்னும் தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்ட ரூட்டர்களையும் காமிராக்களையும் கைப்பற்றிப் பெருந்தாக்குதல்களுக்குப் பயன்படுத்தியது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், பாதுகாப்புத் திருத்தங்கள் எதுவரை வழங்கப்படும் என்பதைத் தயாரிப்பாளர் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். நம் கடைகளிலும் இக்கேள்வியை நாமே கேட்கலாம்.

ஆகவே, முதலில் இணைப்பு தருபவரின் பெட்டியிலேயே வைஃபை உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், அதை நல்ல இடத்தில் வைத்துச் சோதித்த பின்னரே புதியதை நாடுங்கள். வாங்குவதானால் இரு பட்டைகள், டபிள்யூபிஏ 3 பாதுகாப்பு, திருத்தங்கள் வரும் காலம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். பிள்ளைகளின் படிப்புக்கென எடுத்து வைத்த பணம், அட்டைப்பெட்டியின் எண்ணுக்காகச் செலவாக வேண்டியதில்லை.