சங்கரின் வேதாளச் சித்திரம்

அம்புலிமாமா ஓவியர் சங்கர் (கே.சி. சிவசங்கரன், 1924–2020) தன் இறுதிக்காலத்தில் சென்னையின் மேற்கே, போரூரை அடுத்த ஐயப்பன்தாங்கலில் வாழ்ந்தார். வாளேந்திய விக்கிரமாதித்தன் தோளில் பிணத்தைச் சுமந்து சுடுகாட்டில் நடக்கும் கதைமுகப்புச் சித்திரமே அவரை வாசகர் மனதில் நிலைநிறுத்தியது.

1974-ல் அமெரிக்காவில் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போன்ற மேசை விளையாட்டுகளில் ஆடுபவர்களே கதாபாத்திரங்களாகிக் கதையை நகர்த்துகிறார்கள். அவற்றின் கலை இயக்குநர் கற்பனை உலகின் தோற்றத்தை வகுக்கிறார். கதையின் முடிவு ஆடுபவர் கையில் உள்ளது. சங்கரின் சித்திரமும் இப்பணியைச் செய்தது. ஒவ்வொரு முறையும் கதை மாறும், சுடுகாடு மாறாது. வேதாளத்தின் கேள்விக்கு மன்னனுக்கு முன்பே வாசகன் விடை தேடுவான்.

இச்சித்திரத்தின் எல்லையும் இதுவே. அது மனதில் பதிந்தபின் வேறொரு முகம் கொண்ட விக்கிரமாதித்தனைக் கற்பனை செய்வது வாசகனுக்கும் பின்வந்த ஓவியர்களுக்கும் கடினமாகிறது.