மூன்று நிமிஷத்துத் தோடி

பழைய கிராமபோன் தட்டுகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "அந்தச் சாரீரம் இனி வருமா?" என்று உருகுகிறது ஒரு கட்சி. "கரகரவென்று முள் தேய்கிற சத்தத்தில் என்னத்தைக் கேட்பது?" என்று சிரிக்கிறது மற்றொன்று. இரு கட்சியாரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம். இருவருமே இசைத்தட்டைக் கச்சேரியின் நகல் என்று எண்ணிக்கொண்டு பேசுகிறார்கள்.

இந்தியாவில் 1902-ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜான் தட்டுக்குப் பாடினார். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லி முடித்தார். மைக் அப்போது கிடையாது. 1925-க்குப் பிறகு மின்சாரப் பதிவு வரும்வரை, ஒரு கூம்புக் குழலின் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு ஓங்கிப் பாட வேண்டும். அரக்குக் கலந்து செய்த பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். மேடையிலே வித்வான் சுருதி சேர்த்துக்கொள்ளவே அவ்வளவு நேரம் ஆகும்!

நாவல் எழுதுகிறவனுக்கு இந்த நெருக்கடி நன்றாகப் புரியும். நாவலிலிருந்து நாலு பக்கத்தைக் கிழித்தெடுத்தால் அது சிறுகதை ஆகிவிடாது. எதை விடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் சிறுகதை கைவரும். தட்டும் அப்படித்தான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகஸ்வரத்தில் மணிக்கணக்காகத் தோடி வாசிக்கக் கூடியவர். அவருடைய தோடித் தட்டோ இரு பக்கமும் சேர்த்து ஆறேழு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். கேட்டுப் பாருங்கள், பாதியில் நிறுத்தியதுபோல் இராது. ராகத்தின் முகம் முதல் மூச்சிலேயே தெரிந்துவிடுகிறது. முசிரி சுப்பிரமணிய ஐயரின் 'நகுமோமு' தட்டும் இந்த ஜாதிதான்.

கேட்கிறவர்களுக்கும் அது ஒரு பழக்கத்தைக் கொடுத்தது. எங்கள் வீட்டுப் பெட்டிக்குச் சாவி கொடுக்க வேண்டும், முள்ளை மாற்ற வேண்டும், மூன்று நிமிஷத்துக்கொரு முறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். இத்தனை சிரமப்பட்டுக் கேட்கிற பாட்டின்போது யாரும் காய்கறிக் கணக்குப் பேசமாட்டார்கள். என் அப்பா விரலை உதட்டில் வைத்தால், தெருவில் வந்த தயிர்க்காரிகூட வாசலிலேயே காத்திருப்பாள். இன்று நாம் ஏங்குகிற 'இனிமை'யில் பாதி, அந்த மௌனத்தின் இனிமை என்றே சொல்வேன்.

ஆனால் தட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போதுதான் ஆபத்து வருகிறது. எஸ். ஜி. கிட்டப்பா 1933-ல், முப்பது வயது நிரம்புமுன் காலமானார். நம்மில் பெரும்பாலோர் அவரை அறிந்தது தட்டுகளால்தான். 'எவரனி'யின் மின்னல் பிருகாக்களைக் கேட்டுவிட்டு, "வேகந்தான் அவர் பாணி" என்று தீர்ப்பெழுதுகிறோம். அந்த வேகத்தில் அவருடைய சுபாவம் எவ்வளவு, கடிகாரத்தின் கட்டாயம் எவ்வளவு? போதாக்குறைக்கு அந்நாளில் எல்லாத் தட்டும் நிமிஷத்துக்குச் சரியாக 78 சுற்றில் பதிவானதில்லை. சுற்று கொஞ்சம் கூடினால் சுருதியும் ஏறும், காலமும் விரையும். ராத்திரி முழுக்க நாடக மேடையில் நின்று பாடிய ஒரு மனிதரை மூன்று நிமிஷங்களை வைத்து அளப்பது விமரிசனம் ஆகாது.

பிற்பாடு 1948-ல் அமெரிக்காவில் வினைல் நெடுந்தட்டு வந்தது; ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடியது. 1958-ல் ஸ்டீரியோத் தட்டுகள் கடைக்கு வந்தன. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் போன்றவற்றைத் துண்டு போடாமல் கேட்க முடிந்தது இந்த நீளத்தால்தான். லாபம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் இடம் தாராளமானதும், எதை விடுவது என்ற கவலை பாடகருக்குக் குறைந்தது. எழுந்து தட்டைத் திருப்பும் வேலை நமக்கும் குறைந்தது. கூடத்தில் ஸ்டீரியோ பாடிக்கொண்டே இருக்க, நாம் பேசிக்கொண்டே இருக்கப் பழகினோம்.

இப்போது வினைல் தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. நல்ல விலை கொடுத்து வாங்கி அலமாரியில் அடுக்குகிறார்கள். வாங்கட்டும். அதோடு, தட்டு சுற்றும் மட்டும் வாயை மூடிக்கொண்டு உட்காரும் அந்தப் பழைய வழக்கத்தையும் வீட்டுக்கு அழைத்து வந்தால், கொடுத்த விலை வீண்போகாது.