பெத்லகேமுக்கு வந்த குறத்தி

கிறிஸ்துமஸை ஒட்டிய இரவுகளில் சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களிலும் தெருக்களிலும் பாட்டுக் குழுவினர் வீடு வீடாக வருவர். அவர்கள் பாடுவனவற்றுள் பெரும்பாலானவை ஆங்கில மெட்டுக்குள் தமிழை அடைத்தவை. ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற யானும் இளமையில் அவற்றையே உயர்ந்தனவென்று மயங்கியிருந்தேன்.

1818 டிசம்பர் 24 இரவு, ஆஸ்திரிய நாட்டு ஓபர்ன்டோர்ப் என்னுஞ் சிற்றூர்க் கோயிலில், பாதிரியார் யோசேப் மோர் எழுதிய அமைதி இரவுப் பாட்டு, ஆசிரியர் பிரான்ஸ் குரூபரின் மெட்டில் கித்தாரோடு முதன்முதல் ஒலித்தது. அஃது எளிய மக்களின் பாட்டு, அதன்மேற் குறையில்லை. குறை நம் மொழிபெயர்ப்பில் உள்ளது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. மேய்ப்பர் இருந்த மலையை மெட்டுக்காக நீட்டினால் அது மாலையாகிவிடுகிறது! கேட்போர் பொருளை விட்டு ஓசையை மட்டும் கொண்டு போகின்றனர்.

அப்பாட்டு ஒலிப்பதற்குப் பதினெட்டாண்டு முன்னரே, 1800இல், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். சுவார்ட்ஸ் ஐயரிடம் பயின்றவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர். தலைவி தேவமோகினி பெத்லகேம் நாதர்மேற் காதல் கொள்கிறாள். குறத்தி வந்து குறி சொல்கிறாள். இடையே கோள்கள் சூரியனைச் சுற்றும் புதிய வானநூலும் பல தேசங்களின் செய்தியும் புகுகின்றன. இது கதைக்குச் சற்றுப் பாரமே. ஆயினும் குறத்தி வாயிலாக அறிவு பேசுவது நமக்கு உவப்பன்றோ?

மலையிலும் காட்டிலும் அலைந்து, கூடை முடைந்து, கை பார்த்துப் பிழைப்பவளைச் சமயத்தின் நற்செய்தி கூற அழைத்ததே அந்நூலின் பெருமை என்பது என் கருத்து. மாட்டுத் தொழுவத்துப் பிள்ளையை முதலிற் காண வந்தோர் ஆடு மேய்ப்போர் என்னும் கதையின் உட்பொருளும் அதுவே. மொழிபெயர்ப்புப் பாடல்களில் அவ்வாட்டிடையர் படத்தில் வரையப்பட்ட வெள்ளையராகவே நிற்கின்றனர். குறத்தியோ நம் தெருவில் நடந்தவள்.

ஆனால் ஒன்றை மறைத்தல் தகாது. 1820களில் புதிதாக வந்த பாதிரிமார், தஞ்சைச் சபையில் வெள்ளாளரும் தாழ்த்தப்பட்டோரும் ஒன்றாயமர்ந்து ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவேண்டும் என்றபோது, அதனை எதிர்த்து எழுதியவர் இதே சாஸ்திரியார்தாம். தமிழ்க் கீர்த்தனைகளை அவர்கள் கோயிலினின்று ஒதுக்கியதையும் அவர் சேர்த்தே கண்டித்தார். அதில் நியாயமுண்டு, முன்னதில் இல்லை. அக்காலத்து வழக்கமென்று சிலர் சமாதானம் கூறுவர். குறத்தியின் நாவில் வேதத்தை வைத்தவருக்கு, அவளை அருகில் அமரவைக்க மனம் வரவில்லை என்றால், அது காலத்தின் குற்றம் மட்டுமன்று.

அதற்காக நூலைத் தள்ளிவிடலாமோ? கூடாது. புலவரினும் அவர் பாட்டு பெரியதாயிருக்கும் விந்தை இலக்கியத்தில் உண்டு. இவ்வாண்டு எங்கள் வாயிலுக்கு வரும் குழுவினரிடம் குறத்தி வரும் பகுதியிலிருந்து ஒரு பாட்டுக் கேட்க எண்ணியுள்ளேன். இராகமும் தாளமும் அறிந்த பெரியோர் இப்பக்கத்தில் இருப்பின், இளைஞருக்கு இப்பொழுதே கற்பித்து வைப்பார்களாக.