எது முந்துவது? பிரித்தானியப் புகையிரத வகுப்புகள் பற்றிய ஒரு நோக்கு

இரண்டு புகையிரதங்கள் ஒரே வேளையில் ஒரு சந்தியை அணுகுமாயின் அவற்றுள் ஒன்று நின்றேயாக வேண்டும். எது நிற்பது என்பதைப் பிரித்தானியாவில் நெடுங்காலம் சமிக்ஞையாளரே தீர்மானித்தார். 1980களிலிருந்து பல கட்டுப்பாட்டு நிலையங்களில் அப்பணியின் பெரும்பகுதி கணனியிடம் ஒப்படைக்கப்பட்டது. மனிதனுக்குரிய விருப்பு வெறுப்பு எந்திரத்துக்கு இல்லை. ஆதலின் அதன் தீர்ப்பு நடுநிலையானது என்பது பொதுவான எண்ணம். இவ்வெண்ணம் ஆராயப்பட வேண்டியதாகும்.

கணனி செய்வது ஒரு கூட்டற் கணக்கே. இவ்வண்டியை முந்தவிட்டால் நேரும் தாமதம் எவ்வளவு, அவ்வண்டியை முந்தவிட்டால் எவ்வளவு என மதிப்பிட்டு, ஒவ்வொன்றையும் வண்டியின் வகுப்புக்குரிய நிறையினாற் பெருக்கி, மொத்தம் குறைந்த வழியை அது திறக்கின்றது. கணக்கிற் பிழை காண்பதற்கில்லை. ஆனால் அந்நிறைகள் மனிதர் முன்கூட்டியே எழுதிவைத்தவை. சமிக்ஞையாளர் சந்தியிற் காட்டிய பாரபட்சம் அட்டவணைக்குள் இடம்பெயர்ந்துவிட்டது எனலாம்.

'வகுப்பு' என்னும் சொல் சமிக்ஞை அறையில் வண்டியைக் குறிக்கும். பயணச்சீட்டில் பிரயாணியைக் குறிக்கும். இரண்டும் பெரிதும் ஒன்றாயிருந்த காலமும் உண்டு. 1844இல் கிளாட்ஸ்டனின் முயற்சியால் நிறைவேறிய சட்டம், மூன்றாம் வகுப்பினருக்கு நாளொன்றுக்கு ஒரு வண்டியேனும் ஓட வேண்டும், அது நிலையங்களில் தரிக்கும் நேரமும் உட்பட மணிக்கு 12 மைல் வேகமேனும் செல்ல வேண்டும், மைலுக்கு ஒரு பென்னிக்கு மேல் அறவிடலாகாது, பெட்டிகள் மழை வெயிலுக்கு மறைப்புள்ளனவாயிருக்க வேண்டும் என விதித்தது. கம்பனிகள் பல சட்டத்தின் சொல்லுக்கு மட்டும் பணிந்து, அவ்வண்டிகளை எவருக்கும் வசதியற்ற வேளைகளில் ஓட்டின. 1872இலேதான் மிட்லண்ட் கம்பனி தன் எல்லா வண்டிகளிலும் மூன்றாம் வகுப்பினரை ஏற்றியது. ஏழைப் பிரயாணிக்கு இதற்குக் கீழ் போகலாகாது என்றொரு எல்லையை வகுத்தமையே 1844ஆம் ஆண்டுச் சட்டத்தின் சிறப்பு.

இனி இன்றைய பகுப்பை நோக்குவோம். ஒவ்வொரு வண்டிக்கும் வழங்கப்படும் குறியீட்டின் முதலிலக்கம் அதன் வகுப்பைச் சுட்டும். ஒன்று கடுகதி, இரண்டு சாதாரண பிரயாணிகள் வண்டி, சரக்கு வண்டிகள் வேகத்துக்கேற்பப் பின்னே வருவன. ஒருகாலத்தில் மிகத் தாழ்ந்த சரக்கு வண்டிக்குரியதாயிருந்த ஒன்பது, பின்னர் 1994இல் தொடங்கிய யூரோஸ்டாருக்கும், இலண்டனின் எலிசபெத் பாதை வண்டிகளுக்கும் வழங்கப்பட்டது. எண்ணுக்கு இயல்பான உயர்வுதாழ்வு இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இதனினும் சுவையானது, பாதையைத் துப்புரவாக்கச் செல்லும் பனியகற்றும் வண்டியும் கடுகதியோடு முதலாம் வகுப்பிற் சேர்க்கப்பட்டிருப்பதாகும். அதிலே பிரயாணி ஒருவருமில்லை, வருமானமுமில்லை. ஆனால் அது தாமதித்தால் யாவும் தாமதிக்கும். இங்கு முதன்மை தருவது தேவையே. ஏனைய வகுப்புகளுக்கும் இவ்வளவைக் கோலே பயன்பட்டிருக்க வேண்டும்.

கடுகதிக்கு முதலிடம் தருவதே தவறென வாதிடுவது சிறுபிள்ளைத்தனம். அதிலே பல நூறு பேர் இருக்கின்றனர். ஆயினும் மணிக்கொரு முறை மட்டும் வரும் கிராமத்து வண்டி சந்தியில் மூன்று நிமிடம் நிறுத்தப்படுவதால், அதிலுள்ளவர் அடுத்த நிலையத்தில் இணைப்பு வண்டியைத் தவறவிடக்கூடும். கணக்கு மூன்று நிமிடத்தையே காண்கிறது. அவர் இழப்பதோ ஒரு மணித்தியாலம். மறுநாளும் அதே வண்டி நிறுத்தப்பட்டால், நேற்றையதை நினைவில் வைத்து இன்று அதற்கு வழிவிடும் இடம் ஒரு கூட்டற் கணக்கில் இல்லை. சமிக்ஞையாளர் குறுக்கிடலாம் என்பது மெய்யே. ஆனால் பல மைல்களுக்கு அப்பால் திரையின் முன் அமர்ந்திருப்பவருக்கு மேடையில் காத்து நிற்பவர் தெரிவதில்லை.

1844இல் 12 மைல் என்னும் எண் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில் யாவரும் படிக்கக்கூடியதாய் நின்றது. இன்றைய நிறைகள் கணனியின் உள்ளே இருக்கின்றன; சந்தியில் நிறுத்தப்பட்ட வண்டியிலிருப்பவர் அவற்றைப் படித்ததுமில்லை, அவைபற்றி அவரிடம் எவரும் கேட்டதுமில்லை.