காமராஜர் யாருக்கும் மாமனார் இல்லை

நான் படித்த அரசு மேல்நிலைப் பள்ளியின் சுற்றுச்சுவரில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து ஓர் ஓவியம் வரைந்து முடித்திருக்கிறோம். "நம்ம ஊர்ப் பெருமைகள்" என்று தலைப்பு. வழக்கமான திருவள்ளுவர், பாரதி, காமராஜர், கலாம் வரிசையை விட்டுட்டு உள்ளூர் ஆட்களை வரையலாம் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் முதலில் சொன்னவர்களில் நானும் ஒருவன். பணமும் கொடுத்தேன். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி என் மேலேயே விழும்.

முதலில் நல்லதைச் சொல்லிடறேன். வேலை சுத்தம். பழைய சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, அதன் மேல்தான் எமல்ஷன். பல சுவர்களில் சுண்ணாம்பின் மேலேயே வண்ணம் பூசிவிடுவார்கள். ரெண்டு மழையில் கலாமின் மூக்கு உரிந்து விழும். எங்கள் ஓவியர் பக்கத்து ஊர்க்காரர், ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்னால் சுவர் விளம்பரம் எழுதிப் பிழைத்தவர். முகச்சாயல் பிடிப்பதில் அவர் கை அபாரம்.

பிரச்சினை, யார் முகம் என்பதில். மொத்தம் 9 பேர். நாலு பேர் பள்ளிக்கு நிலமோ கட்டடமோ கொடுத்தவர்கள், அல்லது கொடுத்தவர்களின் அப்பாக்கள். ரெண்டு தியாகிகள். ஒரு தலைமையாசிரியர், ஒரு டாக்டர், ஒரு ஐ.ஏ.எஸ். பெண் ஒருத்தர்கூட இல்லை. காலனியிலிருந்தும் யாரும் இல்லை. இன்றைக்கு அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் காலனியிலிருந்துதான் வருகிறார்கள். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. "யாரையெல்லாம் போடலாம்?" என்று குழுவில் கேட்டோம். பதில் சொன்ன 14 பேரும் அவரவருக்குத் தெரிந்தவர்களைச் சொன்னார்கள், அவ்வளவுதான். தேசத் தலைவர் வரிசையில் ஒரு வசதி இருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காமராஜர் யாருக்கும் மாமனார் இல்லை.

இந்த மாதிரி ஊர்ச்சுவர்களின் வரலாற்றைத் தேடினால் சிகாகோவுக்குத்தான் போய் நிற்கும். 1967-இல் நகரின் தெற்குப் பகுதியில், 43-ஆம் தெருவும் லாங்லி அவென்யூவும் சேரும் முனையில், ஒரு பழைய கட்டடத்தின் பக்கச் சுவரில் கறுப்பினக் கலைஞர்கள் குழு ஒன்று வரைந்த 'வால் ஆஃப் ரெஸ்பெக்ட்'. பள்ளிச் சுவர் இல்லைதான், ஆனால் கேள்வி இதே கேள்வி. ஐம்பது பேர் அளவில் முகங்கள்: மால்கம் எக்ஸ், முகமது அலி, ஜான் கோல்ட்ரேன், சிகாகோவிலேயே வாழ்ந்த கவிஞர் க்வெண்டலின் புரூக்ஸ். மார்ட்டின் லூதர் கிங் இல்லை! தெரு ஜனம் கூடிப் பார்க்கப் பார்க்கத்தான் வரைந்தார்கள். அரசியல் தலைவர்கள் இருந்த பகுதியைச் சில மாதங்களிலேயே வெள்ளையடித்து வேறொருவரை வைத்துத் திரும்ப வரைய வைத்தார்கள். முதலில் வரைந்தவரின் சம்மதம் இல்லாமலே. அது அவருக்குச் செய்த அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அங்கே பட்டியல் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இருக்கவில்லை. 1971-இல் கட்டடம் தீப்பிடித்து, பிறகு இடிக்கப்படும்வரை அந்தச் சுவர் மாறிக்கொண்டேதான் இருந்தது. எங்கள் தொழிலிலும் முதல் வெர்ஷனைக் கடைசி என்று யாரும் நினைப்பதில்லை. சுவர் என்று வந்தால் மட்டும் நாங்கள் ஏன் திறப்பு விழா வைத்து முடித்துவிட்டோம்?

எங்கள் சுவரில் கேட்டுக்கு இடப்பக்கம் 12 அடி காலியாக இருக்கிறது. நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்கு என்று ஒதுக்கியது. அங்கே யாரை வரையலாம் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டுச் சொல்லும்படி தமிழாசிரியையிடம் வேண்டினேன். நிறையப் பேர் சொன்னது சத்துணவு சமைக்கிற ஆயாவை. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டதற்காகத்தான் காமராஜரை எல்லாச் சுவரிலும் வரைகிறோம், அந்தச் சோற்றை வடிக்கிறவர் எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரலை.

குழுவில் போட்டதும் முதல் பதில்: "உயிரோட இருக்கறவங்களை வரையக் கூடாதுப்பா, சென்டிமென்ட்டா சரியில்ல." ஐ.ஏ.எஸ். நண்பரும் உயிரோடுதான் இருக்கிறார், இதே குழுவில். அதைச் சொன்ன பிறகு ரெண்டு நாளாக யாரும் எதுவும் எழுதவில்லை.

ஓவியர் மட்டும் போன் பண்ணினார். ஆதார் அட்டைப் படத்தைத் தவிர ஆயாவிடம் வேறு போட்டோ இல்லை. "நேர்ல பார்த்தே வரைஞ்சுக்கறேன் சார், ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்க" என்றார். பாத்திரம் கழுவி முடித்து, ரெண்டு மணிக்கு மேல்தான் வர முடியும் என்று ஆயா சொல்லியிருக்கிறார்.