படிவமே காட்டிக்கொடுத்தால்?

எச்ஐவி சிகிச்சைக்குப் பெயர்போன தாம்பரம் சானடோரியம் பக்கம், தன்பால் ஈர்ப்புள்ள 16 வயசுப் பையன்களிடம் பாலியல் நலம் பற்றி ஓர் ஆய்வுன்னு வச்சுக்குவோம். ஐசிஎம்ஆரின் 2017 நெறிமுறைப்படி பையனோட இசைவும் வேணும், பெற்றோர் கையெழுத்தும் வேணும். மற்ற ஆய்வுக்குச் சரிதான். இங்கே அந்தப் படிவமே வீட்டில் அவனைக் காட்டிக்கொடுத்துடும். 2021-ல் உயர் நீதிமன்றம் வந்த சுஷ்மா வழக்கில், பெற்றோருக்குப் பயந்து மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களும் மேஜர். அவர்களுக்கே அந்தக் கதி!

கையெழுத்தைத் தளர்த்தினாலும் போக்சோ 19-ஆம் பிரிவு நிற்கிறது. உடலுறவு பற்றி அவன் வாய்திறந்தால், சம்மதத்தோடு நடந்திருந்தாலும், ஆய்வாளர் போலீசுக்குச் சொல்லியாகணும். பிறகெப்படி 'ரகசியம் காக்கப்படும்'னு அச்சடிக்கிறார்கள்? எதைச் சொன்னால் காக்கமுடியாதுன்னு முதல் கேள்விக்கு முன்னாடியே அவனிடம் சொல்லுங்க. பாதிப் பேர் எழுந்து போவாங்க, போகட்டும்.