ரீட்டாவின் கல்வியும் அபியின் உழைப்பும்

வில்லி ரசலின் ‘எஜுகேட்டிங் ரீட்டா’ 1980இல் லண்டனில் மேடையேறியது. இருபத்தாறு வயதுச் சிகையலங்காரப் பெண்ணொருத்தி திறந்த சர்வகலாசாலை மாணவியாக இலக்கியம் கற்க வருகிறாள். பாத்திரங்கள் இருவரே, களமும் விரிவுரையாளர் பிராங்கின் அறை ஒன்றே. தனிமனித முன்னேற்றம் பற்றிய பகற்கனவு என்று இதனை ஒதுக்கும் நண்பர்கள் நம்மிடையே உளர். அவ்வளவு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று இந்நாடகம். மனைவியின் புத்தகங்களைக் கணவன் எரித்துவிட்ட செய்தியொன்றே, வர்க்கத்தோடு ஆணாதிக்கமும் சேர்ந்து ஒரு பெண்ணின் கல்வியை மறிக்கும் விதத்தைத் தெளிவாக்கிவிடுகிறது. ரசல் தாமும் பதினைந்து வயதிற் பள்ளியை நீங்கிச் சிகையலங்காரத் தொழில் செய்து, பின்னர் மீண்டும் படித்து ஆசிரியரானவர்.

நாம் காணும் குறை வேறு. கற்கக் கற்க ரீட்டாவின் பேச்சும் உடையும் மாறுகின்றன. ரீட்டா என்ற பெயரையும் கைவிடுகிறாள். முன்பு அறிந்திருந்தவை யாவும் களைந்தெறிய வேண்டியனவாகின்றன. பிராங்க் இதற்கு இரங்குகிறான். மாற்றுவழி அவனுக்கும் தெரியவில்லை.

மாற்றுவழியோ அந்நாட்டிலேயே தோன்றியிருந்தது. ஆசிரியத் தொழிலுக்கும் சமூக சேவைக்கும் வயதுவந்தோரை, குறிப்பாகச் சிறுபான்மை இனத்தவரை, கொண்டுவரும் நுழைவுக் கற்கைநெறிகளைத் தொடங்குமாறு 1978இல் அரசு ஏழு உள்ளூர்க் கல்வி அதிகார சபைகளை அழைத்தது. பிள்ளை வளர்த்தவள், படுக்கையிற் கிடந்த தாயைக் கழுவித் துடைத்தவள், வீட்டுச் சொந்தக்காரனோடு வாடகைக்காக வாதாடியவள் — இவர்கள் வகுப்புக்கு வெறுங்கையோடு வருவதில்லை. அவர்கள் அறிந்தவற்றுக்குப் பெயரும் காரணமும் தருவது கல்வியின் ஒரு பாதி. அவ்வறிவையே ஐயுறப் பழக்குவது மறுபாதி. ஏனெனில் தாயைப் பேணியவள் காண்பவரையெல்லாம் தாயாகவே கருதிவிட்டால், பராமரிப்பை வேண்டாமென்று மறுக்கும் முதியவரின் உரிமை அவளுக்குப் புலப்படாது. (புத்தகம் மட்டுமே கற்பித்துப் பழகிய நம்மனோர்க்கு இது சற்றுக் கடினமான பாடந்தான்.)

கென் லோச் 2019இல் அளித்த ‘சொரி வீ மிஸ்ட் யூ’ திரைப்படத்தின் அபி, நியூகாசிலில் வீடுவீடாகச் சென்று முதியோரைப் பராமரிப்பவள். அவரவரைத் தன் தாயாக எண்ணுவதே அவள் அறிந்த விதி. கணவன் வான் வாங்கவேண்டித் தன் காரை விற்றுவிட்டு பஸ்ஸில் அலைகிறாள், அந்நேரத்துக்குக் கூலியில்லை. 1984இன் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை நினைவுகூரும் முதியவள் ஒருத்தி, எட்டு மணிநேர வேலைநாள் எங்கே போயிற்று என்று அவளைக் கேட்கிறாள். எத்தனை சொற்பொழிவுகளுக்கு ஈடான கேள்வி! இங்கிலாந்தில் சமூக சேவையாளராவதற்கு 2003இல் பட்டப்படிப்பு வந்தது; பராமரிப்பாளருக்கு 2015இல் வந்ததோ, வேலையோடு வேலையாகப் பெறும், 15 நியமங்கள் கொண்ட ஒரு சான்றிதழே. இரண்டுக்குமிடையிலுள்ள படிகளை அபி எந்த ஓய்வுநேரத்தில் ஏறுவாள்? லோச் அவளுடைய களைப்பைக் காட்டுமளவுக்கு அவளுடைய அறிவைக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ரசலின் நாடகம், ரீட்டா பிராங்கின் தலைமயிரை வெட்டத் தொடங்குவதோடு முடிகிறது. கைவிட்ட தொழில் அவள் கைக்கு மீள்கிறது. ஆனால் அவையோர் சிரிப்பதற்காக மட்டுமே.